பாதி ஒட்டிய தரை

14.1.2024, ஞாயிறு

இன்று ஜெஸ்வினுக்கு நான் சோறு போடவில்லை. தானே போட்டுத் தின்றான். தட்டைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போனான். நானும் கழுவவில்லை. மருமகள் எமீமாள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தானே கழுவினாள்.

வேதக்கோவிலில் வருஷப்பிறப்புக்குக் கொடுத்த டைரி இது. வருஷா வருஷம் தருவார்கள். மாத்திரை பெயர், கோழி அடைவைத்த நாள் என்று எதையாவது எழுதி வைப்பேன். இந்த வருஷம் கோபத்தை எழுதப் போகிறேன். ஐந்தாம் வகுப்புதான் படித்தேன். ஆனால் என் கையெழுத்தை எங்கள் டீச்சர் மற்றப் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுவார். அது இன்னும் அப்படியே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். என் பேரன் ஜெஸ்வின் இஸ்ரேலுக்கு டைல்ஸ் ஒட்டப் போகிறானாம். என்னிடம் கேட்கவில்லை. ஏஜென்டிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு வந்து, கறிக்குழம்பு கொதிக்கிற நேரம் பார்த்துச் சொல்கிறான்.

“எல்லாரும் போறாவ ஆச்சி. அங்க கட்டட வேலைக்கு ஆளே இல்லையாம்.”

“ஏன் இல்ல? இதுவரைக்கும் கட்டுனவன்லாம் எங்கல போனான்?”

அவனுக்குத் தெரியும். போன அக்டோபரில் சண்டை வந்ததும், அங்கே வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த பாலஸ்தீனக்காரர்களை நிறுத்திவிட்டார்கள். அந்த இடத்துக்குத்தான் இங்கிருந்து ஆள் பிடிக்கிறார்கள்.

“ஒங்க தாத்தா எங்க கெடக்காருன்னு ஞாபகம் இருக்கால?”

“காசால. எத்தன தடவ சொல்லுவ?”

சொன்னது போதாது போலிருக்கிறது.

16.1.2024, செவ்வாய்

கோபம் இறங்கவில்லை. ஆகையால் ஒழுங்காக எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரர் சத்தியநேசன் பட்டாளத்தில் லாரி ஓட்டினவர். 1966 கடைசியில் ஐக்கிய நாடுகள் சபையின் சமாதானப் படையில் காசாவுக்கு அனுப்பினார்கள். தலையில் நீலத் தொப்பி. இஸ்ரேலுக்கும் எகிப்துக்கும் நடுவில் நிற்பது வேலை. கையில் துப்பாக்கி இருக்கும், அவர்களாகச் சண்டை தொடங்கக் கூடாது. மறு வருஷம் எகிப்துக்காரர்கள் படையை வெளியே போகச் சொல்லிவிட்டார்கள். மூட்டை கட்டிக்கொண்டிருக்கும்போதே ஜூன் ஐந்தாம் தேதி சண்டை வெடித்துவிட்டது. இவர்கள் வண்டிகளின் மேல் இஸ்ரேல் விமானம் வந்து சுட்டது. வெள்ளையடித்த வண்டியும் நீலத் தொப்பியும் மேலே இருப்பவன் கண்ணுக்குத் தெரியவில்லை போலும்! அவரை அங்கேயே அடக்கம் செய்தார்கள். என் மகன் ஆசீர் அப்போது என் வயிற்றில் ஏழு மாதம். அவனும் இப்போது இல்லை, பைக் விபத்தில் போய்விட்டான். ஜெஸ்வின் அவன் பிள்ளை.

எங்கள் ஊர் கானான்விளை. பைபிளில் கடவுள் வாக்குக் கொடுத்த கானான் தேசத்தை நினைத்துப் பெயர் வைத்தது வெள்ளைக்கார மிஷனெரி. குடியரசு தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட்டு, “போரில் உயிர்நீத்த வீரரின் மனைவி” என்பார்கள். வருஷம் தவறாமல் நான் திருத்துவேன். “போர்ல இல்ல சார், சமாதானத்துல செத்தாரு.” சிரிப்பார்கள்.

காசாவில் அவரை அடக்கம் செய்த கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் ஒரு வயதான காசாக்காரர். அவருடைய பேரன் நாதிர். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஜெஸ்வின் பேஸ்புக்கில் அந்தத் தோட்டத்தின் படத்தைப் பார்த்து, கீழே ‘என் தாத்தா இங்கே இருக்கிறார்’ என்று எழுதிவிட்டான். மறுநாளே நாதிர் கல்லைத் தேடிப்பிடித்துப் படம் எடுத்து அனுப்பினான். ஐம்பத்தொரு வருஷம் கழித்து அவர் பெயரை நான் பார்த்தேன். பக்கத்தில் ஒரு ரோஜாச் செடி.

அதிலிருந்து ஒவ்வொரு நவம்பர் இரண்டாம் தேதியும், கல்லறைத் திருநாளன்று, நாதிர் வீடியோவில் வருவான். அன்றைக்கு ஊரில் அவரவர் கல்லறைக்கு வெள்ளையடித்துப் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். எனக்குத்தான் கல்லறை கிடையாதே. காசா இருக்கிற திசை என்று மேற்குச் சுவர் ஓரம் மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துவிட்டுப் போனும் கையுமாக நிற்பேன். நாதிர் அங்கே கல்லைக் கழுவிவிட்டு, “ஆச்சி, ஓகே?” என்பான். “ஓகே” என்பேன்.

அப்புறம் பையன்கள் இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டுத் தொழில் பேசுவார்கள். நாதிரும் டைல்ஸ் ஒட்டுகிறவன்தான். பெர்மிட் வாங்கிக்கொண்டு இஸ்ரேலுக்குள் போய் வேலை செய்தவன். அறைக்குக் கன்னி மூலையில், தென்மேற்கில்தான் முதல் கல் வைக்கவேண்டும் என்பான் ஜெஸ்வின். நாதிர் தலையில் அடித்துக்கொள்வான். அவன் குறுக்கும் நெடுக்கும் நூல் கட்டி, அறையின் நட்ட நடுவில் முதல் கல்லை வைப்பானாம். அப்படித் தொடங்கினால்தான் எதிரெதிர்ச் சுவரோரம் அறுத்து வைக்கிற வெட்டுத்துண்டு ஒரே அளவாக வருமாம். தெரிந்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு கடா மாதிரி முட்டிக்கொள்வார்கள்.

போன நவம்பரில் நாதிர் வரவில்லை. “கூடாரத்தில் இருக்கிறோம். உயிரோடு இருக்கிறோம். ஆச்சியிடம் சாரி சொல்” என்று எழுதியிருந்தான். கல்லைக் கழுவ முடியவில்லை என்று அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான்!

அந்த நாதிர் பார்த்த வேலைக்குத்தான் இந்த நாய் போகிறது.

28.1.2024, ஞாயிறு

எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். ஆராதனை முடிந்ததும் ஐயர் ஜெஸ்வின் தோளில் தட்டுகிறார். “கொடுத்து வச்சவம்ல நீ. நாங்க காசு கட்டிப் போய்ப் பாக்கிற பூமி. ஒனக்குச் சம்பளமும் குடுத்துக் கூப்பிடுதான்.”

பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். ஒருத்திக்கு யோர்தான் ஆற்றுத் தண்ணீர் வேண்டும். ஒருத்திக்கு ஒலிவ மரத்தில் செய்த சிலுவை. அவன் எங்கே போகிறான், எவன் இடத்துக்குப் போகிறான் என்று ஒருத்தி கேட்கவில்லை.

இந்த ஐயர் மேல் எனக்குப் பழைய கோபமும் உண்டு. சண்டே ஸ்கூல் சுவரில் பரிசுத்த பூமி வரைபடம் தொங்குகிறது. அதில் எருசலேமுக்கும் காசாவுக்கும் இரண்டு விரல் தூரம். 2019-இல் ஐயர் யாத்திரைக் கூட்டம் கூட்டிக்கொண்டு போனபோது, ஒரு டப்பா நிறைய முந்திரிக்கொத்து செய்து கொடுத்தேன். பாசிப்பயறு வறுத்து, கருப்பட்டிப் பாகில் உருட்டி, மாவில் முக்கிப் பொரித்தது. மாதக்கணக்கில் கெடாது. நாதிர் வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றேன். எருசலேமிலிருந்து காசாவுக்கு பஸ் போகும் என்று நினைத்தேன். ஐயரும் அப்படித்தான் நினைத்து வாங்கிக்கொண்டார். யாத்திரைக்காரர்களைக் காசா எல்லைக்குள் விடவே மாட்டார்கள் என்று தெரியாமல், அங்கே வழிகாட்டியிடம் கேட்டாராம். அவன் சிரித்த சிரிப்பில் பஸ்ஸே குலுங்கிற்றாம். டப்பா காலியாகத் திரும்பி வந்தது. “நல்லா மொறுமொறுன்னு இருந்துச்சு பெரியம்மா” என்று எனக்குச் சர்டிபிகேட் வேறு.

22.2.2024, வியாழன்

நாதிர் நம்பரிலிருந்து என் போனுக்கு ஒரு குரல் வந்தது. நாதிர் இல்லை. ஒரு பெண். எனக்கு அந்தப் பாஷை தெரியாது. பாஷை தெரியாமல் என்ன எழுதுவது?

முருங்கைக்கீரை உருவினேன். எமீமாள் வந்து, “இம்புட்டுக் கீர யாருக்கு அத்தே?” என்றாள். பார்த்தால் முறம் நிறைந்து தரையெல்லாம் கீரை.

5.3.2024, செவ்வாய்

நாதிருக்குக் குட்மார்னிங் படம் அனுப்பினேன். ஒரே டிக். அங்கே சார்ஜ் இருக்காது.

14.4.2024, ஞாயிறு

டி.வி.யில் காலையிலிருந்து ஈரான்காரன் விட்ட ராக்கெட்டைக் காட்டுகிறார்கள். எமீமாள் சேலை மடித்துக்கொண்டே, “இது எப்பதான் அத்தே முடியும்?” என்றாள். என்னிடம் கேட்கிறாள்! எத்தனை தடவை முடிந்தது என்று கேட்கச் சொன்னேன்.

1979-இல் எகிப்தும் இஸ்ரேலும் கையெழுத்துப் போட்டன. மூன்று தலைவர்கள் கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தை ஆசீர் பேப்பரில் காட்டினான். இவ்வளவு லேசாகப் பிடிக்கிற கையைப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் பிடித்துத் தொலைத்தால் என்ன என்று தெருவே கேட்கக் கத்தினேன். கத்திவிட்டு முந்திரிக்கொத்து செய்து அதே தெருவுக்குக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்ட எகிப்துக்காரரை அவர் நாட்டுச் சிப்பாய்களே கொன்றார்கள். 1993-இல் அமெரிக்காவில், புல்தரையில் வைத்து, இஸ்ரேல்காரரும் பாலஸ்தீனக்காரரும் கை குலுக்கினார்கள். அடுத்த வீட்டு டி.வி.யில் பார்த்தேன். ஒருத்தர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். மற்றவர் கசப்பு மருந்து குடிக்கிற முகத்தோடு கொடுக்கிறார். கொடுத்தாரே, அது போதும். மறுபடியும் பயறு வறுத்தேன். இரண்டே வருஷம், அந்தக் கசந்த முகத்துக்காரரை அவர் ஜனத்தில் ஒருத்தனே கொன்றான். அதற்கப்புறமும் பஸ்ஸில் குண்டு, கல்யாண மண்டபத்தில் குண்டு, வீட்டின் மேல் குண்டு. 2005-இல் காசாவை விட்டு இஸ்ரேல்காரர்கள் வெளியேறினபோது அரைப்படிதான் வறுத்தேன். எனக்கும் புத்தி வந்திருந்தது.

சமாதானம் பேசினவனைத்தான் முதலில் கொல்கிறார்கள். பேசாதவன் எல்லாம் சர்க்கரை வியாதியோடு நெடுநாள் இருக்கிறான்.

ஜெஸ்வின் வேலைக்கான டெஸ்டில் பாஸாகிவிட்டான். அங்கிருந்து வந்த வெள்ளைக்காரன் தன் முன்னால் ஒட்டிக் காட்டச் சொன்னானாம். மூலையிலா நடுவிலா என்று நான் கேட்கவில்லை.

9.6.2024, ஞாயிறு

கோவிலில் நான் செய்ததை எழுதுகிறேன். ஊரே பேசுகிறது, நானும் என் பங்குக்கு எழுதவேண்டாமா?

ஆராதனை முடிவில் வழியனுப்பு ஜெபம். வெளிநாடு போகிறவர்களை முன்னால் மண்டியிட வைத்து, ஐயர் தலையில் கைவைத்து ஜெபிப்பார். துபாய்க்குப் போனாலும் செய்வார், கத்தாருக்குப் போனாலும் செய்வார். ஆனால் இன்றைக்கு அவர் குரலே வேறு. “ஆண்டவரே, உம்முடைய ஜனத்தின் சத்துருக்களை முறியடியும், அவர்கள் பட்டணங்களை...”

பெண்கள் பக்கத்தில் முன்வரிசைப் பாயில் இருந்த நான் எழுந்துவிட்டேன். கண்ணை மூடியிருந்த சபை ஒன்றொன்றாகத் திறந்தது.

“ஐயரே, எந்தப் பட்டணத்த முறிக்கச் சொல்லுதீரு? அங்கதான் என் வீட்டுக்காரரு படுத்திருக்காரு. அந்தக் கல்லக் கழுவுத பிள்ளையும் அங்கதான் இருந்தான்.”

“பெரியம்மா, ஜெபம்... ஜெபம் நடக்கு.”

“நடக்கட்டும். நடுவுல நிக்கிறவனுக்கும் சேத்துச் செய்யும். இல்லன்னா என் பேரன் தலையிலருந்து கைய எடும்.”

ஐயர் கையை எடுத்துவிட்டார். பயத்திலா, மரியாதையிலா, தெரியாது. ஜெஸ்வின் முகம் பழுத்த மிளகாய். அவன் எழுந்து ஆண்கள் பக்கத்து வாசல் வழியாகப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னான்: “மானத்த வாங்கிட்ட ஆச்சி.”

“ஒனக்கு அது இருக்கா, நல்லது. நான் இல்லன்னு நெனச்சேன்.”

10.6.2024, திங்கள்

சாயங்காலம் ஐயர் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்து முந்தானையைச் செருகிக்கொண்டேன். வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்தார். எமீமாள் காப்பி கொடுத்தாள்.

“போன அக்டோபர்ல இஸ்ரேல் பக்கத்துல செத்ததும் பிள்ளையளும் கெழவியளுந்தான் பெரியம்மா. வீடு புகுந்து கொன்னுருக்கான். கெழவியளக் கூட இழுத்துட்டுப் போயிருக்கான். அதயும் நீங்க நெனைக்கணும்.”

“நெனைக்கலன்னு யாரு சொன்னா? என் வயசுக்காரி ஒருத்திய வண்டில வச்சி ஓட்டிட்டுப் போனத டி.வி.ல பாத்தேன். அன்னைக்கி எனக்குச் சோறு எறங்கல. கொன்னவனயும் நான் வஞ்சேன். நீரு ஒரு பக்கத்துக்கு மட்டும் அழுதீரு, அதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.”

அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். “நேத்து அந்தப் பிள்ள அங்க ‘இருந்தான்’னு சொன்னிய. இப்ப இல்லையா?”

“காப்பி ஆறிட்டு. குடியும்” என்றேன்.

18.6.2024, செவ்வாய்

அவன் கிளம்பினபோது நான் பின்கட்டில் கோழிக்கூடு கழுவிக்கொண்டிருந்தேன். போன வாரம்தான் கழுவினது. அழுக்கு ஒன்றும் இல்லை.

“ஆச்சி, போயிட்டு வாரேன்.”

“ஒங்க தாத்தாவும் இதத்தான் சொன்னாரு.”

நான் திரும்பவில்லை. கார் சத்தம் கேட்டபிறகு திரும்பினேன்.

அவன் பையில் முந்திரிக்கொத்து டப்பா இருந்ததாம். ஏர்போர்ட்டிலிருந்து எமீமாளுக்குப் போன் செய்து, யார் வைத்தது என்று கேட்டிருக்கிறான். எனக்கு எப்படித் தெரியும்?

4.8.2024, ஞாயிறு

அவன் எமீமாளிடம் போனில் பேசினான். சைரன் அடித்தால் படிக்கட்டுக்கு அடியில் போய் உட்காரவேண்டுமாம். வேலை நிறைய இருக்கிறதாம். ஸ்பீக்கரில் போடச் சொல்லி நான் கேட்கவில்லை. அவளாகத்தான் போட்டாள். நான் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைத்தேன், அவ்வளவுதான்.

2.11.2024, சனி

கல்லறைத் திருநாள். மழைத் தூறல். எல்லாரும் குடையும் மெழுகுவர்த்தியுமாக அவரவர் இடத்தில் நின்றார்கள். நான் மேற்குச் சுவரோரம் போனேன். அங்கே அவர் கல்லறை இன்னும் இருக்கிறதா, டாங்கி ஏறிவிட்டதா, சொல்ல ஆளில்லை. மெழுகுவர்த்தி இரண்டு வைத்தேன்.

போன் அடித்தது. வீடியோவில் ஜெஸ்வின். தலையில் மஞ்சள் தொப்பி, மீசையில் சிமென்ட். நாலரை மாதம் கழித்து அவன் முகத்தைப் பார்க்கிறேன். மெலிந்திருக்கிறான்.

“ஆச்சி... இன்னைக்கி நாதிர் கூப்பிட மாட்டான். அதான் நான் கூப்பிட்டேன்.”

“தெரியும்ல.”

“என்ன தெரியும்?”

“அவன் செத்துட்டான்னு தெரியும். மாசி மாசம் அவன் அக்காவோ தங்கச்சியோ என் போன்ல அழுதுது. அழுகைக்கு என்னல பாஷை வேணும்?”

அவன் முகத்தைத் துடைத்தான். சிமென்ட் கன்னமெல்லாம் ஆனது. “எனக்கும் அன்னைக்கேதான் மெசேஜ் வந்துது. ஒனக்குத் தாங்காதுன்னு சொல்லல.”

நானும் அவனும் நாலு மாதம் ஒரே வீட்டில், ஒரே பிணத்தை ஆளுக்கொரு பக்கம் மறைத்து வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறோம்.

“தெரிஞ்சுமால போன?” என்றேன். மழையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “செத்தவன் எடத்துக்கு, செத்தான்னு தெரிஞ்சும் போனியால?”

“நான் போகலன்னா இன்னொருத்தன் போவான் ஆச்சி. அவன் திரும்பி வந்து ஒட்டப் போறதில்ல.”

“இதத்தாம்ல எல்லாவனும் சொல்லுதான். நான் சுடலன்னா இன்னொருத்தன் சுடுவான். நான் போகலன்னா இன்னொருத்தன் போவான். அந்த இன்னொருத்தன் யாருல? அவன ஒரு நாள் என் கண்ணுல காட்டு!”

போனை அணைத்துவிட்டேன். ஒரு மெழுகுவர்த்தி தூறலில் அணைந்துவிட்டது. எது யாருக்கு வைத்தது என்று எனக்கு இப்போது நினைவில்லை. இரண்டையும் சேர்த்து மறுபடி ஏற்றினேன்.

19.1.2025, ஞாயிறு

புது டைரி வந்துவிட்டது. பழையதில் பின்பக்கம் வெள்ளைத் தாள் இருப்பதால் இதிலேயே எழுதுகிறேன்.

இன்று முதல் சண்டை நிறுத்தமாம். கோவிலிலிருந்து வரும் வழியில் மூன்று பேர் கேட்டார்கள், “முந்திரிக்கொத்து உண்டா பெரியம்மா?” என்று. “ஒங்க வீட்டுப் பயற வறுங்க” என்றேன். எனக்கு இந்த வயதில் இன்னொரு தடவை ஏமாற நேரமில்லை.

மத்தியானம் ஜெஸ்வின் கூப்பிட்டான். நவம்பருக்கு அப்புறம் நானும் அவனும் பேசவில்லை. போனைத் திருப்பி ஒரு அறையைக் காட்டினான். பூச்சு முடிந்த சுவர். ஜன்னல் இல்லாத ஓட்டை. தரை சிமென்ட். நட்ட நடுவில் மட்டும், கடலுக்குள் தீவு மாதிரி, ஒரு பாய் அளவுக்குக் கல் ஒட்டியிருக்கிறது. அதன் மேல் ஒன்றேகால் வருஷத் தூசி.

“புதுக் கட்டடத்துக்கு மாத்திருக்காவ ஆச்சி. சண்டைக்கு முன்னால யாரோ தொடங்கிட்டுப் போயிருக்கான். அந்த அக்டோபருக்கு அப்புறம் வரல. நடுவுலருந்து தொடங்கிருக்கான் பாரு.”

“நாதிரா?”

“இல்ல. அவன் வேல பாத்த ஊரு வேற. ஆனா அவன மாதிரி ஒருத்தன்.” தூசியைக் கையால் துடைத்துக் காட்டினான். சாயம் தோய்த்த நூலால் அடித்த நீலக்கோடு இன்னும் இருந்தது. “சூப்பர்வைசர் எல்லாத்தயும் பேத்துட்டு மூலைலருந்து புதுசா போடச் சொல்லுதான். என் கைக்கு அதான் வேகம். ஆனா உளியத் தூக்க முடியல ஆச்சி. காலைலருந்து இங்கயே உக்காந்திருக்கேன்.”

நான் அவனைத் திட்டலாம் என்று ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வாய் வரைக்கும் வந்தது. வீட்டுக்கு வா, இப்பவே வா என்று சொல்லவேண்டும் என்று இருந்தது. ஆனால் அந்தப் பாய் அளவுத் தரையை விட்டுக் கண் நகரவில்லை. எவனோ ஒருத்தன் சாயங்காலம் கையைக் கழுவிவிட்டு, நாளைக்கு மிச்சத்தைப் பார்ப்போம் என்று போயிருக்கிறான்.

“பேக்காத” என்றேன். “அவன் வச்ச கல்லுலருந்து அப்படியே சொவர் வரைக்கும் கொண்டு போ. அவன் கணக்குப்படி போ, ஒன் கணக்கக் கொண்டு வராத. முடிச்சிட்டு வீட்டுக்கு வா. அடுத்த கட்டடத்துக்குப் போன, நான் செத்தாலும் வராத.”

“சூப்பர்வைசர்ட்ட என்ன சொல்ல?”

“எங்க ஆச்சி சொன்னான்னு சொல்லு.”

சிரித்தான். அவன் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று.

24.1.2025, வெள்ளி

ஜெஸ்வின் படம் அனுப்பியிருக்கிறான். தரை முடிந்துவிட்டது. பழையது எது, இவன் போட்டது எது என்று தெரியவில்லை. சுவரோரத்தை மட்டும் தனியாக எடுத்து அனுப்பியிருக்கிறான். எதிரெதிர்ச் சுவரில் வெட்டுத்துண்டு ஒரே அளவு. கீழே எழுதியிருக்கிறான்: “அவன் சொன்னதுதான் சரி ஆச்சி. டிக்கெட் போட்டுட்டேன். ஈஸ்டருக்கு வீட்ல இருப்பேன்.”

இத்தனை வருஷம் முட்டிக்கொண்டு நின்றதற்கு, தோற்றேன் என்று இவன் நாதிரிடமே சொல்லவேண்டாமா? அந்தப் படத்தை நாதிர் நம்பருக்கு நான் அனுப்பினேன்.

ஒரே டிக். சார்ஜ் இருக்காது என்று இந்தத் தடவை எழுதமாட்டேன்.